போதும் என்பவருக்கு இன்னொரு கரண்டி

கோவையில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என்னதான் செய்கிறேன் என்று கேட்டீர்களே, ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் பொறுப்பில் ஆறு பேர் படுத்த படுக்கை. தானாகப் புரளக்கூட முடியாது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாள் தொங்கும். எப்போது திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி ஊட்டுவது எல்லாம் நர்சம்மா அதில் எழுதியிருப்பார். செய்ததை நாங்கள் குறிப்போம்.

அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி. பக்கவாதத்தில் கைகால் போய்விட்டது. தலையை அசைப்பார், ஓரிரு வார்த்தை பேசுவார். நாலு கரண்டி ஊட்டியதும் "போதுமுங்க" என்பார். நானும் நிறுத்திவிட்டு, 'போதும் என்றார்' என்று எழுதிவிடுவேன். எடை இறங்கிக்கொண்டே வந்தது. முதுகில் தோல் சிவந்தது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்தார். நர்சம்மாவைக் கேட்டுக்கொண்டு, கட்டிலை நிமிர்த்தி, குழைத்த அரிசிம்பருப்புச் சோற்றை ஊட்டினார். நாலாவது கரண்டியில் பெரியவர், "போதும் அம்மணி."

"சும்மா இருங்கப்பா, இன்னொரு வாய்."

வாய் திறந்தது. மறுபடியும் போதும், மறுபடியும் ஒரு வாய். கிண்ணம் காலி.

"எங்ககிட்ட நாலு கரண்டிதானுங்க சாப்புடுவாரு" என்றேன்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊரு?"

"அன்னூர்ப் பக்கமுங்க."

"அட, இந்தப் பக்கத்துக்காரரா இருந்துட்டு! எங்கப்பா விருந்துக்குப் போனா மூணு தடவ போதும்பாரு, நாலாந்தடவ பாயசம் கேப்பாரு. நீங்க ஒருதடவ சொன்னதுமே எலைய எடுத்துப்போட்டீங்களாக்கும்?"

நியாயம்தான். பிறத்தியார் கையால் சாப்பிடும் கூச்சம் அவருக்கு. நம் வீட்டுக்கு வருகிறவர்களை நாம் அப்படியா விடுகிறோம்?

"நெசமாலுமே போதும்னா என்ன பண்ணுவாருங்க?"

"மூஞ்சியத் திருப்பிக்குவாருங்க. அதுக்கு மேல குடுத்துப்போடாதீங்க."

நர்சம்மா திருநெல்வேலிக்காரர். "உங்க ஊரு மரியாதைக்குன்னே தனியா ஒரு தாள் போடணும் போலிருக்கு" என்று சிரித்தார். ஆனாலும் எழுதினார்: 'போதும் என்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கவும். முகத்தைத் திருப்பினால் நிறுத்தவும்.'

டாக்டர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். அதன்பின் எடை பார்த்தபோது பெரிதாக ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. குழாய் இப்போதைக்கு வேண்டாம், இப்படியே ஊட்டுங்கள் என்றார்.

அன்று மதியம் பதினோராவது கரண்டிக்குப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.