அத்தையின் இங்கிலீஷ் வியாதி

எனக்கு எழுபத்தைந்து வயது. பெற்றது நான்கு, அண்ணன் பிள்ளைகள் இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. என் படிப்பு மட்டும் 'ம' எழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் ஒரு கல்யாணம்.

மகள் வயிற்றுப் பேத்தி பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். போன வாரம் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அனீமியா என்றால் ரத்தம் இல்லை, ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டு.

"எல்லாம் கிரேக்கச் சொல்லு அம்மாயி. பேருதான் பெருசு" என்றாள்.

"ஆஸ்துமான்னா மூச்சு வாங்குறது. எட்டு வயசுலயே எனக்குத் தெரியும்டி" என்றேன்.

அவள் நம்பவில்லை. அதனால் நான் சொல்கிறேன், அவளே எழுதுகிறாள்.

எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, சின்ன வயதிலிருந்தே இளைப்பு. கம்பு அடிக்கும் நாளில் தூசி பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதை யாரும் வியாதியாக நினைக்கவில்லை. கஷாயம் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு முறை ரொம்பவும் முடியாமல் போய் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் சீட்டில் எழுதித் தந்ததை, எட்டாம் வகுப்பு முடித்திருந்த அத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆஸ்துமா.

அன்றிலிருந்து அவள் டம்ளர் தனியாகிவிட்டது. "இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்கான்னா பெரிய வியாதியாத்தான் இருக்கும். வெளிய மூச்சு விடாதீங்க" என்று தாத்தா உத்தரவு போட்டார்.

அத்தை வாத்தியார் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் எனக்குச் சிலேட்டில் எழுத்து சொல்லிக்கொடுப்பாள். தாத்தாவோ ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

அப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக் குழந்தையை மடியில் உட்காரவைத்து விசாரிப்பார்கள். பெரியவர்கள் மறைப்பதைக் குழந்தை கக்கிவிடுமாம். அத்தைக்கு அது தெரியும். முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தச் சொல்லை ஏழெட்டுத் தடவை சொல்லவைத்தாள்.

"கேட்டா சத்தமா சொல்லணும், என்ன?"

எனக்கு வந்த முதல் இங்கிலீஷ் வார்த்தை. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா என்னை மடியில் இழுத்துக் கற்கண்டு கொடுத்தார். "அத்தைக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் உண்டா கண்ணு?"

"ஆஸ்துமா!"

கூடம் முழுக்கக் கேட்டது. தாத்தாவின் முகம் செத்துப்போனது. அந்த அம்மாள் என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கொண்டுவந்த பூத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னங்க இது, ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்று எழுந்தேவிட்டார். கதவோரம் நின்ற அத்தை தலைகுனியவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் திருச்சியில் கம்பவுண்டர். அவர் சிரித்தார். "அட உக்காருக்கா. அது கிரேக்க பாஷை. மூச்சு வாங்குறதுக்கு அந்த ஊரு ஆளுங்க வச்ச பேரு. இங்கிலீஷ்காரன் அதையே எடுத்துக்கிட்டான். நாம இளைப்புன்னு சொல்றோம்ல, அதான்."

"இளைப்பா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! மார்கழி வந்தா எனக்கே உண்டே!"

எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாதான் பெரிதாகச் சிரித்தார். "கிரேக்கக்காரனுக்கே மூச்சு வாங்குறப்ப எம் பொண்ணுக்கு வாங்கக் கூடாதா?" என்றார். உடனே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நடந்த நல்லதெல்லாம் என்னால்தான் என்று எண்ணி அடுப்படிக்கு ஓடினேன். அத்தை, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப ஓலைப்பெட்டியில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் விரித்திருந்தது அவள் பயிற்சி விண்ணப்பம். இவ்வளவு நல்ல தாளை எண்ணெய்க்கு வீணாக்குகிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நான் சரியா சொன்னேனா அத்தை?"

"சரியாத்தான் சொன்ன. நீ என்ன பண்ணுவ" என்று என் தலையைத் தடவினாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதன்பிறகு சிலேட்டை எடுக்க வீட்டில் ஆளில்லை. அத்தை என்னை எதற்காக அதைச் சொல்லச் சொன்னாள் என்று எனக்கு உறைத்தபோது, என் இடுப்பில் மூத்தவள் இருந்தாள்.

எழுதினதைப் படி கண்ணு, கேப்போம். அத்தை சொன்ன எடத்த மட்டும் மெதுவா படி.