கோட்டுப் போடாத அண்ணை

கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குப் படம் கீறுகிற விசர் பிடித்தது. குரு, கைத்தொலைபேசி. அதில் ஒரு வெள்ளைக்காரர் கதைத்துக்கொண்டே நாலு இழுப்பில் குதிரையைக் கீறிவிடுவார். நான் ஒரு கிழமை மினக்கெட்டு எங்கள் வீட்டுப் பசுவைக் கீறினேன். மனைவி வந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மேசைக்கு ஏன் வால் வைச்சிருக்கிறியள்?"

கலைஞனுக்கு வீட்டில் மதிப்பிருக்காது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போய், தூரிகையோடு திரும்பி வந்து ஏச்சு வாங்கினேன். எனக்கு ஓரளவு வாய்த்தது வாழைப்பழம் மட்டுமே. ஆகவே வாழைப்பழமாகக் கீறித் தள்ளினேன். அதில் ஒன்றைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியதுதான் வினையாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். திடீரென்று செத்துப்போனார். வெளிநாட்டிலிருந்த மகனால் உடனே வர முடியவில்லை. பாவம், அங்கிருந்தபடியே ஒரு ஸ்டூடியோவுக்குச் சொல்லி அப்பாவுக்குப் பெரிய படம் ஒன்று செய்வித்தான். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்தவர் யாராயிருந்தாலும் கோட்டும் டையும் கட்டிவிட்டு, பின்னால் நீல வானத்தையும் வைத்துவிடுவார்கள். ஆயுளில் பாதியைச் சட்டையில்லாமல் தோட்டத்துக்குள் கழித்த மனுசன், படத்தில் அரசாங்கக் கச்சேரி அதிகாரிபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அண்ணையின் மனைவி எங்கள் விறாந்தைக்கு வந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் வாழைப்பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கோட்டுக்காரனுக்கு முன்னாலை முப்பத்தோராம் நாள் என்னாலை படைக்கேலாது. எனக்கு அந்தாளை ஆரெண்டே தெரியேல்லை. நீ அவரைக் கீறித் தா."

'ஏலாது' என்று சொல்லியிருக்க வேண்டிய வாய், "அதுக்கென்னக்கா" என்றது. புகழாசை யாரை விட்டது!

அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து முதல் முகத்தைக் கீறினேன். "நல்லகாலம், உதைப் பாக்க அவர் உயிரோடை இல்லை" என்றாள் மனைவி.

பின்னேரங்களில் அக்கா வந்து, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, பிழை சொல்லத் தொடங்கினார். "தலைமயிர் காணாது, இன்னும் வை." வைத்தேன். "கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு." நிரப்பினேன். "மீசை உப்பிடியில்லை, மெல்லிசு." அழிறப்பரால் தேய்த்த தேய்ப்பில் கடதாசி ஓட்டையாகப் பார்த்தது. நரை போனது, சுருக்கம் போனது, விழுந்த பல்லெல்லாம் திரும்பி வந்தது. எனக்கென்றால் பொல்லாத எரிச்சல். நான் கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தபோதே அண்ணைக்கு முன்மண்டை வழுக்கை!

"அக்கா, அண்ணை உப்பிடி இருக்கேல்லையே."

"நீ கீறு."

ஸ்டூடியோக்காரன் கோட்டைப் போட்டான், இவ வயசைக் கழற்றுகிறா, இரண்டும் ஒரே கூத்துத்தானே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கீறினேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒருநாள் அவர் ஒரு பிழையும் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "காணும் தம்பி. இனித் தொடாதை" என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தப் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்தார்கள். சனம் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டது. "செத்தது கிழவனல்லோ? உது ஆர், பேரனோ?" ஒருவர் என் காதுக்குள்ளேயே, "உந்தக் கண்டறியாத படத்தை ஆர் கீறினது?" என்றார். "எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

அந்நேரம் பார்த்து மகன் வீடியோவில் வந்தான். அக்கா தொலைபேசியைப் படத்துக்கு நேரே திருப்பினார்.

"அம்மா, ஆர் இந்தப் பொடியன்? அப்பாவின்ரை படம் எங்கை?"

"இதுதான் கொப்பர். நான் கலியாணம் கட்டேக்கை இப்பிடித்தான் இருந்தவர்."

குசுகுசுத்த சனம் படத்துக்குக் கிட்ட வந்தது.

"கலியாண அல்பமெல்லாம் சண்டைக்குள்ளை இடம்பெயரேக்கை துலைஞ்சு போட்டுது. நீ அப்ப சின்னப்பிள்ளை. இந்த முகத்தை இனி நான் மட்டும்தான் அறிவன். நானும் போயிட்டா, இப்பிடி ஒரு முகம் இருந்ததெண்டு சொல்ல ஆளில்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாளியைக் கீழே வைத்தேன்.

"கிட்டப் பிடியுங்கோ அம்மா" என்றான் மகன். குரல் உடைந்துபோயிருந்தது.

அக்கா கிட்டப் பிடித்தார்.

"வடிவாப் பாரடா" என்றார். "ஆறுதலா, வடிவாப் பார்."