லாஸ்ட் நேம்: ஏகாம்பரம்

கள்ளிக்குப்பம் பிரவுசிங் சென்டர்னா எனக்கு மொதல்ல அந்த வாடைதான் ஞாபகம் வருது. ஷூ, செருப்பெல்லாம் வெளிய கழட்டிட்டுதான் ஏசி ரூமுக்குள்ள போவணும்... உள்ள பத்து பேரு சாக்ஸ் நாத்தம், அதுக்கு மேல மல்லிப்பூ ஸ்ப்ரே. உவ்வே!

அப்பதான் பாடி ஏரியால ஒரு கம்பெனில வேலைக்கு சேர்ந்தேன். சென்டர பாத்துக்கினு இருந்த தோஸ்து சேகர்தான் ஈமெயில் ஐடி போட்டு குடுத்தான்.

"லாஸ்ட் நேம் கேக்குது மச்சான்."

நமக்கு ஏது அதெல்லாம்? இனிஷியல்தான். சரின்னு அப்பா பேர போட்டேன். ஏகாம்பரம்.

அப்பா லாரி டிரைவரு. நான் ஆறாவது படிக்க சொல்ல லோடு ஏத்திகினு போனவரு... திரும்பி வரவே இல்ல.

ஒரு நாள் ஆப்பிரிக்காலருந்து ஒரு வக்கீல் மெயில். சேகர் அன்னிக்கு லீவு. நானே தட்டுத்தடுமாறி படிச்சேன். மிஸ்டர் ஏகாம்பரம் கார் ஆக்சிடென்ட்ல குடும்பத்தோட செத்துட்டாராம். பேங்க்ல கோடிக்கணக்குல பணமாம். அதே லாஸ்ட் நேம், அதனால நான்தான் வாரிசாம். மொதல்ல ஃபீஸ் கட்டணுமாம்.

அழுவுறதா, சந்தோஷப்படறதா? ஒண்ணுமே புரியாம ஊட்டுக்கு போய் அம்மாகிட்ட சொன்னேன்.

"குடும்பத்தோடயா? அப்ப நான் யாருடா?"

அதான் அம்மா கேட்ட மொத கேள்வி. அப்புறம் நெத்தி பொட்டு மேல வெரல வெச்சுகினு நின்னுச்சு. அழிக்கவும் இல்ல, கைய எடுக்கவும் இல்ல.

"பணம் கெடக்கட்டும். ஒரு போட்டோ அனுப்ப சொல்லு. மூஞ்சிய பாத்தாதான் நம்புவேன்."

மறுநாள் போட்டோ கேட்டு பதில் போட சொல்லி சேகர்கிட்ட போனேன். மெயில படிச்சுட்டு என்னையே பாத்தான்.

"மாமே... இதே மெயில் எனக்கும் வந்துச்சு, எங்க நைனா பேர போட்டு. அவரு அதோ வெளிய பீடி புடிச்சுகினு கீறாரு பாரு."

செம கோவம். நிம்மதியாவும் இருந்துச்சு. ரெண்டும் எப்படிடா ஒண்ணா வரும்?

ஊட்டுக்கு போய், "பொய்யிம்மா அது"ன்னேன்.

"அப்ப உயிரோட கீறாருன்னு சொல்லு." கண்ணாடி முன்னாடி போய் பொட்ட சரி பண்ணிகிச்சு. மெயில் பொய்யின்னா அதுக்கு அப்படி அர்த்தமா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

இப்ப சென்டர் இருந்த எடத்துல பிரியாணி கடை கீது. அந்த மாதிரி மெயிலெல்லாம் தானா ஸ்பேமுக்கு போயிடுது, யாரும் ஏமாற வேணாம், யாரும் பொட்டு மேல கை வெக்க வேணாம்...

போன வாரம் சீரியல் நடுவுல விளம்பரம் ஓட சொல்ல அம்மா திடீர்னு கேட்டுச்சு. "அந்த வக்கீலு போட்டோ அனுப்புனானாடா?"

"இன்னும் இல்லம்மா"ன்னேன்.

'இன்னும்'னு ஏன் சொன்னேன்... எனக்கே தெரியல.