எட்டு பத்து பஸ்ஸும் என் தற்காப்புத் திட்டமும்

ஐம்பத்தோரு வயதில், ஒருவர் பஸ்ஸில் என்னைக் கேலி செய்கிறார் என்பதற்காக, அரசு வேலையை விட்டுவிடுவதென்று விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். இன்னும் ஒன்பது வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. கேலியோ ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான், அதுவும் சனி ஞாயிறு கிடையாது. வீட்டில் சொல்லவில்லை. ஏன் வேலையை விடுகிறீர்கள் என்று மனைவி கேட்டால் ‘பஸ்’ என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு எட்டு பத்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். பஸ் நிலையத்திலேயே உட்கார இடம் நிரம்பிவிடும். நான் ஏறுவது இரண்டாவது நிறுத்தத்தில். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிறவர் சன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் எறிந்து மற்ற ஐந்து பேருக்கும் இடம் போட்டுவிடுவார். இந்தத் தொண்டைப் பல வருடங்களாகச் செய்து வந்தவர் ஒரே ஆள். திருப்பத்தூரில் வேறொரு அலுவலகத்தில் என்னைப் போலவே குமாஸ்தா, என் வயதுதான். என்னைக் கேலி செய்பவரும் அவர்தான்.

என் கட்டுரைகள் எப்போதாவது சிறு பத்திரிகைகளில் வரும். அது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து மற்றவர்களுக்குத் துண்டும் எனக்கு மட்டும் என் கட்டுரையின் ஜெராக்ஸ் தாளும் போட ஆரம்பித்தார். “உங்க கட்டுரைமேல நீங்களே உக்காருங்க சார். வேற யாரும் உக்கார மாட்டாக.” பிறகு நான் வாய் திறந்து தூங்குவதை வீடியோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, ‘எழுத்தாளர் கற்பனையில்’. அன்றிலிருந்து தினமும் என் வாய்தான் பேச்சு. நான் தூங்குவதையே விட்டேன். அப்புறம் தூங்காததைப் பற்றிக் கேலி வந்தது. இடம் போட்டுத் தருகிற மனிதரிடம் சண்டை போடவும் முடியாது. எங்கள் பக்கத்தில் அது சோறு போட்டவரைக் குறை சொல்வது மாதிரி.

புத்தகத்தில் இதற்கு வழி இருக்கும் என்று நம்பி நூலகத்துக்குப் போனேன். எந்தத் துன்பம் வந்தாலும் முதலில் நூலகத்துக்குப் போவது என் பழைய வியாதி. கேலியையும் சீண்டலையும் சமாளிப்பது பற்றிக் கிடைத்ததெல்லாம் பிள்ளைகளுக்காக எழுதியது. உங்களுக்கென்று ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளுங்கள் என்றன எல்லாம். முதல் படி, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வது. பஸ்ஸில் என்னைவிடப் பெரியவர் யாரென்று பார்த்தேன். யாரும் தட்டுப்படவில்லை. பதவியில் பெரியவர் என்ற கணக்கில், என்னைவிட இருபது வயது இளையவரான கண்டக்டரிடம் ஜாடையாகச் சொன்னேன். அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, “அங்குட்டு முன்னாடி போய் நின்னுக்கங்க சார், காத்து வரும்” என்றார்.

அடுத்த படி கவனித்து எழுதி வைப்பது. இது எனக்குப் பிடித்த வேலை. ஒரு நோட்டு வாங்கி, பறவை பார்க்கிறவர்கள் குறிப்பு எடுப்பதுபோல எழுத ஆரம்பித்தேன். எந்த இடத்தில் தொடங்குகிறது, யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், யார் முதலில் சிரிக்கிறார்கள். இரண்டு நாளில் பயம் பாதியாகக் குறைந்து, காலையில் பஸ் எப்போது வரும் என்றிருந்தது. குன்றக்குடி வரை அவர் செல்போன் பார்க்கிறார், கேலி இல்லை. குன்றக்குடியில் கூட்டம் ஏறியதும் தொடங்குகிறது. பிள்ளையார்பட்டியில் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கியதும் படிப்படியாக ஓய்கிறது. பஸ் காலியாக வந்த ஒருநாள் அவர் கேலியே செய்யவில்லை. என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்து நல்ல வைத்தியர் ஒருவரைச் சொன்னார். அன்றைய பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்தேன்.

இரண்டாவது வாரக் கடைசியில், ‘முதலில் சிரித்தவர்’ என்ற பத்தியை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். எல்லா நாளும் ஒரே ஆள். நான்.

அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே சிரித்திருக்கிறேன். பந்தியில் விருந்தாளி உட்காரும் முன் இலை போட்டு வைப்பதுபோல. நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இது சரிதானா என்று கேட்க எங்கள் ஆறு பேரில் சிரிக்காத ஒருவர் இருந்தார், ஆஸ்பத்திரி நர்ஸ். நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்று அவரைப் பற்றி நான் முடிவு கட்டியிருந்தேன். திருப்பத்தூரில் இறங்கி நடக்கும்போது கேட்டேன்.

“நீங்கதானே சார் மொத ஆளாச் சிரிக்கிறீக” என்றார். “உங்களுக்குப் பிடிச்சுத்தான் இருக்குன்னு நாங்க இருந்தோம். எனக்குப் பிடிக்கலை. அதான் சன்னல் பக்கம் திரும்பிக்கிருவேன்.”

அன்று திட்டம் தயாரானது. சிரிக்கக் கூடாது. எனக்கான இடத்தை நானே போட்டுக்கொள்ள வேண்டும். கேலி தொடங்கினால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பலிக்கவில்லையென்றால் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

வாக்கியம்தான் கஷ்டம். முதல் வரைவு, ‘தாங்கள் இவ்வாறு பேசுவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தை அளிக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ குளியலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவி கதவைத் தட்டி, “யாரு உள்ள, கலெக்டரா?” என்றாள். வாக்கியத்தைச் சுருக்கினேன்.

இடம் போடுவது அதைவிடக் கஷ்டம். ஏழரைக்கே பஸ் நிலையம் போய், பஸ் நுழைந்ததும் கூட்டத்தோடு ஓடி, என் புதுத் துண்டைச் சன்னலுக்குள் எறிந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது அது பக்கத்தில் நின்ற தேவகோட்டை பஸ். நான் ஏறி எடுப்பதற்குள் அது புறப்பட்டுவிட்டது. அவர் போட்ட இடத்தில் உட்காராமல் அன்று திருப்பத்தூர் வரை நின்றுகொண்டே போனேன். அதைப் பற்றிய கேலி இரண்டு நாள் ஓடியது. நானும் பழக்க தோஷத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் எறிகிற வேலையே வேண்டாமென்று முன்வாசல் வழியாக முண்டி ஏறிவிட்டேன். எனக்கொரு இடம் போட்டேன். முதலில் வந்தவன் எல்லோருக்கும் போட வேண்டும் என்பது வழக்கம். மற்ற நால்வருக்கும் போட்டேன். கையில் ஒரு கைக்குட்டை மிஞ்சியது, அவருக்கு உரியது. திட்டத்தில் இதற்கு விடை இல்லை. என் பையில் அவர் போட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்றும் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சலவைக் கைக்குட்டையையே எனக்குப் பக்கத்தில் விரித்தேன்.

அவர் வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். குன்றக்குடியில் கூட்டம் ஏறியது. “சார் இன்னைக்கு வெள்ளனா எந்திரிச்சுட்டாரு. இப்பப் பாருங்க, வாயத் தொறந்தாருன்னா பஸ்ஸுக்கே காத்தோட்டம்” என்றார்.

சிரிப்பு எனக்குத் தொண்டை வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அடி எடுத்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்க்கிறவர்போல.

“அப்படிச் சொல்லாதீக. எனக்குப் பிடிக்கலை.” என் குரல் எனக்கே கேட்காத அளவில் வந்தது. ஆனாலும் கேட்டிருக்கிறது.

“சும்மா வெளாட்டுக்குத்தான சார்.”

“தெரியும். இருந்தாலும் வேணாம்.”

நர்ஸ் சன்னலிலிருந்து திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தூர் வரை எங்களில் ஒருவரும் பேசவில்லை. கேலி எவ்வளவோ தேவலை என்று தோன்றிய பயணம் அது.

மறுவாரம் இரண்டு தடவை தொடங்கினார். இரண்டு தடவையும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு நின்றுபோனது. வீடியோவும் குழுவில் மறுபடி வரவில்லை. மாதக் கடைசியில் கடிதத்தைக் கிழித்து அலுவலகக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆனாலும் ஆவல் விடவில்லை. ஒருநாள் டீக்கடையில் அவரிடமே கேட்டேன், ஏன் என்னை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள் என்று. வெகுநேரம் டீயை ஆற்றினார். “நீங்க சிரிச்சீக சார். எங்க வீட்டுல நான் சொல்றதுக்கு யாரும் சிரிக்க மாட்டாக” என்றார். இது மன்னிப்பா, விளக்கமா, அல்லது என்மேல் ஒரு புகாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஆறு பேருக்கும் இடம் போடுவது நான்தான். போன வாரம் நர்ஸிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் யாருக்காவது உதவும் என்று சொல்லிக் கொடுத்தாலும், உள்ளூர ஒரு பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்பது உண்மை. பிள்ளையார்பட்டி தாண்டும்வரை பொறுமையாகப் புரட்டிவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் சரிதான் சார்” என்றார். “ஆனா நீங்க பின் சக்கரத்து மேலயே இடம் போடுறீக. இடுப்பு ஒடியுது. அவரு என்ன கேலி பண்ணுனாலும் ஒருநாளும் சக்கரத்து மேல போட்டதில்ல.”