வயித்துக்காரிக்கு நான் வைத்த பெயர்

பட்டணத்து மியூசியத்தை எங்கள் பக்கத்தில் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனேன் என்று திங்களன்று யாராவது கேட்பார்கள். மியூசியம் என்பேன்.

"மறுபடியும் செத்த காலேஜா சார்? அங்க இன்னாதான் கீது?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள், இவர்களைவிட ஒரு படி மேலே நிற்பவன் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காததால் அந்தப் படிப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக் காப்பாற்றி வந்தேன். ரயிலேறிப் போவேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிற்பம். அதன் முன்னால் நின்று, விலகி, பக்கவாட்டில் போய், வெளிச்சம் மாறும்வரை காத்திருந்து பார்ப்பேன். அப்படி மூன்று ஞாயிறுகள் பார்த்தது தவ்வை என்ற பழைய பெண்தெய்வத்தின் சிலை ஒன்றை. சரிந்த பெரிய வயிறு, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த இருப்பு, ஒரு புறம் மாட்டுமுகத்து மகன், மறுபுறம் மகள், மேலே காக்கைக் கொடி. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லாத உடம்பு. அதைச் செதுக்கியவன் அந்த வயிற்றின் கனத்தை அறிந்து செதுக்கியிருந்தான். அதைப் புரிந்துகொண்டதில் எனக்குக் கர்வம்.

எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர் இருந்தார். மேனாம்பேட்டுக்காரர். அவர் தாயார் அங்கே வயல்வேலை செய்தவர். வயல் மனைகளான பிறகு மகள் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டார். மனைகளின் ஓரத்தில், இடுப்பளவு மண்ணில் புதைந்த ஒரு கல்லுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவர் விளக்கேற்றுவார். வயித்துக்காரி என்று அதற்குப் பெயர். சுற்றுப்பக்கத்துக் கர்ப்பிணிகள் அங்கே கண்ணாடி வளையல் கொண்டுவந்து வைப்பார்கள்.

நான் குடியிருந்ததும் மேனாம்பேட்டில்தான். பல வருஷம் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறேன். எண்ணெயும் மஞ்சளும் அப்பிய கல் என்பதற்கு மேல் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா சீயக்காய் போட்டுக் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எண்ணெய் வழிந்து இறங்க, ஓரத்தில் ஒரு மாட்டுமுகம் தெரிந்தது. மேலே காக்கை. மியூசியத்தில் இருந்ததைவிட நல்ல சிற்பம்.

அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேராகத் தொழிற்சாலை வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய் நாலு பேரிடம் சொன்னேன்.

"அது யார் தெரியுமா? தவ்வை. மூத்த தேவி. நாம மூதேவின்னு சொல்றோமே, அவதான். ஒரு காலத்துல ராஜாக்களே கும்பிட்டிருக்காங்க."

லேத்தில் வேலை செய்பவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? மூதேவிக்கா அந்தக்கா வெளக்கு ஏத்திக்கினு கீது?"

"மாமே, கேன்டீன் டீ ஏன் வெளங்காம கீதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாக்களைப் பற்றி நான் சொன்னது அந்தச் சிரிப்பில் போய்விட்டது. நான் அதை மறுபடி எடுத்துச் சொல்லவில்லை. என் பேச்சுக்கு நாலு பேர் சிரித்தது அன்று எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். அவருடைய ஒரே மகளை நசரத்பேட்டையில் கொடுத்திருந்தார். அது தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் தொழிற்பேட்டையில் இருந்தார். டீக்கடைப் பேச்சு அவர் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கூட்டிக்கினு வரப் போனேன் சார். மூதேவிக்கு வெளக்கு ஏத்தற ஊட்டுக்கு என் மருமவள அனுப்ப மாட்டேன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. வாசல்ல நிக்க வெச்சே சொன்னாங்க."

நான் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"நீங்க சொன்னதாமே. படிச்சவரு சொன்னதுன்னு நம்பறாங்க. நீங்களே ஒருக்கா வந்து அது மூதேவி இல்லன்னு சொல்லிட்டா போதும் சார்."

"அது மூதேவிதாம்மா. இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? அந்தக் காலத்துல அது கெட்ட பேரே இல்ல."

"அந்தக் காலத்துக்கா சார் எம்பொண்ணு பிரசவத்துக்கு வருது?"

பொய் சொல்ல மாட்டேன் என்பதைப் பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டேன். அவர் கும்பிட்டது வயித்துக்காரியை. நசரத்பேட்டைக்குப் போய் அதைச் சொல்லியிருந்தால் அது பொய்யே அல்ல. இது எனக்குத் தோன்றப் பத்து வருஷம் ஆயிற்று. அன்று எனக்குத் தோன்றியது வேறு.

"மியூசியத்துக்கு எழுதிப் போடறேன். வந்து எடுத்துக்குவாங்க. கல்லு இங்க இல்லைன்னா பேச்சும் நின்னுடும்."

"செத்த காலேஜுக்கா?"

"அங்க பத்திரமா இருக்கும்மா."

"வெளக்கு யாரு சார் ஏத்துவா?"

"லைட் போட்டிருப்பாங்க."

இப்படித்தான் சொன்னேன். எந்த வார்த்தையையும் மாற்றாமல் எழுதுகிறேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணு வருவான்னா எடுத்துக்கினு போவட்டும்."

கடிதத்தைப் படங்களோடு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நல்ல கட்டுரை அதுதான். சீக்கிரமே வந்தார்கள். மண்ணைத் தோண்டி எடுத்தபோது பீடம்வரை முழுசாக இருந்தது. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா கடைசியாக மஞ்சள் பூசி, கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றிச் சிலையின் மடியில் வைத்தார். வண்டியில் ஏற்றும்போது அது விழுந்து உடைந்தது. ஏற்றியவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மறுநாளே அவர் நசரத்பேட்டைக்குப் போனார். கல் போய்விட்டது, இனி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். சம்பந்தியம்மாள் சொன்ன பதிலை எனக்கு வந்து சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"'அப்ப மூதேவின்றது நெசந்தான். இல்லன்னா கவுருமெண்டு வண்டி வெச்சிக்கினு வந்து எடுத்துக்கினு போவுமா?'ன்னு கேக்கறாங்க சார்."

மகள் மாமியார் வீட்டில்தான் பெற்றாள். பெண் குழந்தை. மூன்று நாள் கழித்துத்தான் இவருக்குத் தெரிந்தது. பார்க்கப் போனவரை மகளே கதவருகில் வந்து, "நீ இப்ப வராதம்மா" என்று அனுப்பிவிட்டாள். 'இப்ப' என்றுதான் சொன்னாள் என்பதை அந்த அம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். அந்த 'இப்ப' முடியவே இல்லை. நசரத்பேட்டை எனக்கு இரண்டு பஸ் தூரம். நான் ஒருமுறையும் போகவில்லை. போகலாம் என்று நினைத்த நாட்களில் மியூசியத்துக்குப் போனேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு ஒரு நாள் அவரைக் காட்டுப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வேலையாம். பேத்தியை ஒரு தடவை பூந்தமல்லி பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே பார்த்ததாகச் சொன்னார். குழந்தைக்கு அவரைத் தெரியவில்லை. நான் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், சிலையை நன்றாக வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் அழைத்துப்போகிறேன் என்றேன்.

"செத்தவங்கள ஒருக்கா பாத்தா போதும் சார்" என்றார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

மியூசியத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நல்ல இடம், நல்ல வெளிச்சம். எண்ணெய்ப்பிசுக்கெல்லாம் போய், கல் கருநீலமாக இருக்கிறது. அட்டையில் 'தவ்வை (மூதேவி), மேனாம்பேடு' என்று எழுதியிருக்கிறது. என் கடிதத்தில் நான் எழுதியபடியேதான். என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. எதிரே நின்றால் கண் வயிற்றுக்குப் போகாமல் அட்டைக்குப் போகிறது. மற்றச் சிற்பங்களிடமும் அப்படியே ஆகிவிட்டது. இப்போது எனக்குப் பெயர்களை மட்டும்தான் படிக்க முடிகிறது.

கடைசியாகப் போன அன்று ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். சிலைக்கு முன்னால் நின்று, தன்னையறியாமல் தன் வயிற்றில் கைவைத்துக்கொண்டு, "இதுக்கும் என்ன மாதிரியே வயிறு பாரு" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கணவன் குனிந்து அட்டையைப் படித்தான்.

"ஏய், மூதேவிடி. வா அந்தாண்ட."

அவள் கையை எடுத்துவிட்டாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அதன் இன்னொரு பெயர் எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் அடுத்த அறைக்குள் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.