கடைசியாக விடும் கம்பெனி

என் பஸ்ஸில், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியின் கம்பியில், சிவப்புக் கயிற்றில் ஓர் எவர்சில்வர் விசில் தொங்குகிறது. புதிதாக ஏறும் பெண்கள் சிலர் அது ஏதோ மந்திரித்த தாயத்து என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டதும் உண்டு. அது என் அண்ணியுடையது. ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் அண்ணி பஸ்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். எந்த ஊர்ப் பெண்கள் எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். எனக்கு அங்கே டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே. வீட்டில் எனக்கென்று ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றுகிறவர், கேட்டில் என்னை யாரோ என்பதுபோல, "ஏய் பேர்ணாம்பட்டு, வண்டிய பின்னால எடு!" என்று அதட்டுவார். டிரைவர்கள் எல்லோருக்கும் போகும் ஊர்தான் பெயர். அந்தப் பழக்கம் முற்றிப்போய் ஒருநாள் வீட்டிலும் தட்டை வைத்துவிட்டு, "பேர்ணாம்பட்டு, உக்காரு" என்றார். அண்ணன் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

அப்போதெல்லாம் ஆம்பூரில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் மாலை ஐந்தரைக்கு விடும். சங்கு ஊதியதும் கேட்டுகள் திறக்கும். சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள் நெடுஞ்சாலைக்கு வருவார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள எங்கள் பஸ்கள் சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் கண்டெய்னர் லாரிகள், சொகுசு பஸ்கள், பிரியாணிக் கடை வாசலில் நினைத்த இடத்தில் நிறுத்திய கார்கள், ஆள் சேரும்வரை நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் அந்த ஒரு மைல் சாலைக்குள் சிக்கிக்கொள்ளும். யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கைகாட்டுவான். கம்பெனிக்காரர்கள் பிரியாணிக் கடையைத் திட்டினார்கள். பிரியாணிக் கடைக்காரர்கள் ஷேர் ஆட்டோவைத் திட்டினார்கள். ஆட்டோக்காரர்கள் எங்களைத் திட்டினார்கள். நாங்கள் போலீசைத் திட்டினோம், வாய்க்குள்ளேயே.

அந்த நெரிசலுக்கு நடுவில் அண்ணி நிற்பார். காக்கி நிறத்தில் ஒரு கோட்டு, கழுத்தில் விசில். லாரிகளுக்குள் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் நீளமாக ஊதுவார். பெண்கள் ஓட்டமாக ஓடிவந்து எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் ஏறுவார்கள். ஒரு மாலை அப்படி ஊதியபோது தையல் பிரிவுப் பெண் ஒருத்தி என் வண்டியைப் பார்த்து ஓடி வந்தாள். நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வேன் சட்டென்று வெளியே வந்து அவள்மீது மோதியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கால் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் பிரியாணிக் கடையைத் தாண்டி அதனால் வர முடியவில்லை. சைரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பெண்களே அவளை ஒரு துப்பட்டாவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, நிற்கும் வண்டிகளுக்கு ஊடாக நடந்துபோய் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அன்றைக்கு வீட்டில் அண்ணி சாப்பிடவில்லை. "நான் ஊதனேன், அவ ஓடனா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த விசிலை அவர் வாயில் வைத்து நான் பார்க்கவே இல்லை.

சில நாட்களில் போலீஸ் ஸ்டேஷனில் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். வண்டியோட்டிகள் நாங்களும் ஓரமாக நின்றோம். மேம்பாலம் கட்ட வேண்டும் என்றார் ஒருவர். சாலை நடுவில் இருக்கும் திறப்பை மூட வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாம் நல்ல யோசனைகள்தான், ஆனால் அவற்றைச் செய்ய வேண்டியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. எங்கள் கம்பெனி சார்பில் வந்திருந்த அண்ணி எழுந்தார். "சார், வெள்ளிக்கெழம சாயங்காலம் ரோடு எப்டி இருக்குதுன்னு பாத்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, அன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றார். அது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் ஏன் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகப் பல கம்பெனிகளில் மதிய இடைவேளையை நீட்டுவார்கள். அந்த நேரத்தை ஈடுகட்ட ஒரு கம்பெனி சற்றுப் பிந்தி, இன்னொன்று அதைவிடப் பிந்தி என்று மாலையில் விடும். கூட்டம் பிரிந்து பிரிந்து சாலைக்கு வரும். "எல்லா நாளும் வெள்ளிக்கெழம மாதிரி விட்டா போதும் சார்" என்றார் அண்ணி.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அப்படியானால் கடைசியாக விடுவது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கடைசியாக விடும் கம்பெனியில் எந்தப் பெண் இருப்பாள்? வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கம்பெனி சீக்கிரம் விடுகிறது என்றால் நல்ல டெய்லர்கள் அங்கே போய்விடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, "நாங்க கடைசில விடறோம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மறுநாள் முதலாளி கேட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா இது பேஜாரு? கம்பெனி உன்துதா, என்துதா?" என்றார். அண்ணி தலையைக் குனியவில்லை. "ஒரு மாசம் குடுங்க பாய். கடைசில விடறதுக்கு ஈடா காலைல அரமணி லேட்டா தொறப்போம். ஆளுங்க போய்ட்டா நானும் போய்டறேன்" என்றார். அடிபட்ட பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் முதலாளி. "ஒரு மாசம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணியின் சம்பளத்தில்தான் அண்ணன் வீட்டில் பாதிக் குடும்பம் நடந்தது. அண்ணன் அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் பெண்கள் அண்ணியோடு பேசவே இல்லை. என் வண்டியில் ஏறும்போது அவர் காதில் விழட்டும் என்றே, "மத்தவங்கள்லாம் வூட்டுக்குப் போய்ட்டாங்க, நாமதான் அனாதைங்க" என்பார்கள். சிலர் வேறு கம்பெனிக்கே போய்விட்டார்கள். அண்ணி சாலை நடுவில் கையை நீட்டி நின்று, "ஓடாத, நடந்து வா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் என் வண்டியில் ஒரு பெண், கைபேசியில் மணியைப் பார்த்துவிட்டு, "டிரைவரண்ணா, மணி சரியா காட்டுதா?" என்று கேட்டாள். அரைமணி பிந்திக் கிளம்பியும் முன்பு போய்ச் சேர்ந்த அதே நேரத்துக்கு ஊருக்கு வந்திருந்தோம். முன்பெல்லாம் அந்த அரைமணியைத்தான் ஆம்பூரிலேயே, சைலன்சர் புகையை முகர்ந்துகொண்டு, உட்கார்ந்து கழித்திருக்கிறோம். வண்டி முழுக்க அதே பேச்சாகிவிட்டது. இதற்கு மேல் காலையில் அரைமணி மிச்சம். தன் பிள்ளை சீருடையோடு பள்ளி வேனில் ஏறுவதை அதுவரை பார்த்திராத ஒருத்தி, அதைப் பார்த்துவிட்டு வந்த காலையில் நேராக அண்ணியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மாதம் முடிவதற்குள் போன பெண்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். பிறகு வேறொரு கம்பெனி, கடைசியாக விடும் முறையைத் தங்களுக்குக் கொடுக்கும்படி கேட்டபோது முதலாளி கண்டிப்பாக மறுத்துவிட்டார். அன்றைக்கு அண்ணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவர் என் அண்ணி என்று நான் கேட்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். டீக்கடையிலும் சொன்னேன். இன்றைக்கும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்கிறேன்.

அண்ணி இப்போது ஓய்வுபெற்று மகனோடு பெங்களூரில் இருக்கிறார். ஊரைவிட்டுப் போன அன்று விசிலைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டு, "ஊதாத. சும்மா தொங்கட்டும்" என்றார். இப்போது ஆம்பூரில் மேம்பாலப் பேச்சு நடக்கிறது. வரட்டும், வந்தால் எனக்கும் நல்லதுதான். பிரியாணிக் கடை வாசலில் கார்கள் இன்றைக்கும் இஷ்டத்துக்குத்தான் நிற்கின்றன. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் வழி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி போன் செய்வார். பேரனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், மூட்டுவலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஒரே கேள்விதான். "பேர்ணாம்பட்டு, எல்லாம் நடந்து வர்றாங்களா?" போன வாரமும் கேட்டார். நேற்று மாலை சாலையைக் கடந்து வந்த கூட்டத்தில் ஒருத்தி, காலைச் சற்று இழுத்தபடி, தோழியோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு, தன் பாட்டுக்கு மெதுவாக வந்தாள். இப்போது தையலை விட்டுப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறாள். நடுச்சாலையில் நின்று அவிழ்ந்த பூவைச் சரிசெய்துகொண்டு, பிறகு ஏறி, விசிலுக்கு நேர் கீழே முன் சீட்டில் உட்கார்ந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கேட்டால் அதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் நடந்துதான் வர்றாங்க அண்ணி, அவளும்தான்.