நாலு விரல் வெயில்

காலை ஏழே முக்காலுக்குத் துலுக்காணம் பெயின்ட் டப்பாவை வெயில் பக்கமாக நாலு விரல் நகர்த்துகிறார். பிறகு அதற்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்து, கீழே விழும் நிழலைக் குனிந்து பார்க்கிறார். விரல்கள் கோடு போட்டாற்போல் விழுந்தால் வெயில் ஜாஸ்தி. நிழலே இல்லையென்றால் பத்தாது. ஓரம் லேசாகக் கலைந்து விழ வேண்டும். விழுந்துவிட்டால், "அக்காங், இது கரெக்டு" என்று டப்பாவிடமே சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போகிறார்.

டப்பாவில் இருப்பது ஒரு சாண்கூட வளராத செடி. குண்டு குண்டான சாம்பல்பச்சை இலைகள், குட்டித் தாமரை மாதிரி அடுக்கி வைத்தது. சக்குலன்ட் என்று பெயராம். துலுக்காணம் வாயில் அது சக்லண்டி.

கவரைப்பேட்டையில், கண்டெய்னர் லாரிகள் ஓய்வெடுக்கும் சாலையோரத்தில் அவருடைய வெல்டிங் பட்டறை. பின்னாலேயே வீடு. முப்பது வருஷமாக வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தே பிழைத்தவர். சட்டைக் காலருக்கு மேல் கழுத்தைச் சுற்றி வெந்து கறுத்த வளையம். வெளிச்சத்தை எப்படித் தடுப்பது என்று கேட்டால் டீ ஆறும்வரை பேசுவார். எவ்வளவு கொடுப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, போன மார்ச் வரைக்கும்.

இப்போது பட்டறை முன்னால் லாரி நின்றால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறார். "ண்ணா, கொஞ்சம் முன்ன போட்டுக்கோ. வெயில மறைக்கிற." அந்த ரோட்டில் நிழலுக்குச் சண்டை போட்ட மனுசன் உண்டு. வெயிலுக்குச் சண்டை போட்டவர் இவர் ஒருத்தர்தான். டிரைவர்கள் பயந்துபோய் வண்டியை எடுத்துவிடுகிறார்கள்.

செடி மகள் துர்காதேவியுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்த ஆசீர்வாதத்தைத் தை மாசம் வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார் துலுக்காணம். அவளும் முழிக்கவில்லை. அம்மா கங்கம்மாளோடு மட்டும் போனில் பேசுவாள். அந்த நேரம் துலுக்காணம் பக்கத்திலேயே நின்றுகொண்டு இல்லாத ஆணியைத் தேடுவார்.

மார்ச்சில், மகளிர் தினத்துக்குக் கம்பெனி ஆளுக்கொரு செடி கொடுத்தது. அவள் தன்னுடையதைப் பட்டறைக்குப் பக்கத்துப் பஞ்சர் கடை சுப்பராயனிடம் கொடுத்துவிட்டாள். "எங்க ஊட்டுக்குள்ள வெயிலே வராது மாமா. நைனாவாண்ட குடுத்துடு. சாவாம பாத்துக்கச் சொல்லு."

கும்மிடிப்பூண்டியில் வெயில் இல்லையாம். சுப்பராயன் இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் செடியைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். மகளுக்கும் அவருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். செத்தால் அதுவும் இல்லை.

முதலில் பத்திரமாக இருக்கட்டும் என்று டிவி மேல் வைத்தார். இரண்டே மாசத்தில் கிடுகிடுவென்று உயர்ந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவனையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

"மச்சான், அது வளரல. வாசப்பக்கம் கழுத்த நீட்டிக்கினு கீது பாரு. வெளிச்சத்தத் தேடுது" என்றான் சுப்பராயன்.

அன்றைக்குத் துலுக்காணம் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் செடியை வாசலுக்குக் கொண்டுவந்தார். இருட்டில் இருந்ததை ஒரேயடியாக வெயிலில் தள்ளினால் வெந்துவிடும் என்பது வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவருக்குத் தெரியாதா? முதல் நாள் கூரை நிழலைத் தாண்டி நாலு விரல். அடுத்த நாள் எட்டு. அப்படி ஆரம்பித்த பழக்கம்தான். தினம் டப்பாவைக் கால் சுற்று திருப்பவும் கற்றுக்கொண்டார், எல்லாப் பக்கமும் வெயில் பட.

நவம்பர் மழையில்தான் தப்பு நடந்தது. எட்டு நாள் சூரியனைக் காணோம். செடி திரும்பவும் கழுத்தை நீட்டுமோ என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. டப்பாவைத் தூக்கி வெல்டிங் மேசைமேல் வைத்தார். "சூரியன் இல்லாங்காட்டி இன்னா? நம்மாண்ட இல்லாத வெளிச்சமா?"

மூன்று நாள் கேட் பற்றவைத்தார். நாலாம் நாள் பார்த்தால், மேசைப்பக்கத்து இலையெல்லாம் அவர் கழுத்து மாதிரியே கறுத்திருந்தது. தன் கழுத்துக்குப் போடும் தேங்காய் எண்ணெயைச் செடிக்கும் தடவக் கிளம்பியவரிடமிருந்து சுப்பராயன் கிண்ணத்தைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை டப்பாவுக்கு முன்னால் துலுக்காணத்தின் வெல்டிங் ஷீல்டு மாட்டியிருந்தது, சுப்பராயன் வேலை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செடி வேலைக்கு வந்திருந்தது. ரோடே சிரித்தது.

"ஹெல்பரு வந்துட்டான் மச்சான், நாஷ்டா வாங்கிக் குடு!"

துலுக்காணம் சிரிக்கவில்லை. ஷீல்டைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு தகரத்தை வெட்டி, இரண்டு கால் வைத்துப் பற்றவைத்து, மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நிறுத்தினார். அதன் அந்தப் பக்கம் செடி. ஆர்டர் கொடுத்த கேட்டுக்காரர் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்தார்.

புது இலைகள் நடுவில் பச்சையாகவே வந்தன. கறுத்தவை மாறவில்லை. டப்பாவைத் திருப்புவதை மட்டும் துலுக்காணம் நிறுத்திவிட்டார். கருகின பக்கம் சுவரைப் பார்த்தே இருந்தது.

போன சனிக்கிழமை கங்கம்மாள் வந்து சொன்னாள்: "யோவ், நாளிக்கு அதுங்க ரெண்டும் வருதாம். செடியப் பாக்கணுமாம்."

"செடியத்தான?" என்றார்.

"பின்ன உன்னியா?"

ஞாயிறு காலை டப்பாவைத் துணி போட்டுத் துடைத்தார். கருகின பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பத்து மணிக்கு பைக் வந்தது. ஆசீர்வாதம் வண்டிப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். துர்காதேவி மட்டும் வந்து டப்பா முன்னால் உட்கார்ந்தாள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் வெச்சிக்கீற நைனா" என்றாள். "ஒரு அடிகூடப் படாம."

துலுக்காணம் குனிந்தார். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, கால் சுற்று, இன்னொரு கால் சுற்று, கருகின பக்கம் அவளைப் பார்க்கும்வரை திருப்பினார்.